நிலைத்து நிற்கும் வீட்டுத்தோட்டம்: நாம் தவிர்க்க வேண்டிய ஒன்பது தவறுகள்

மே மாதம் பிறந்ததும் ஸ்காபரோ, மார்க்கம், மிசிசாகா, பிரம்ரன் என்று நம்மவர் வாழும் தெருக்களெங்கும் மண் மூட்டைகள் வந்து இறங்கத் தொடங்கிவிடும். மாதக்கணக்கில் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்த நமக்கு, வெளியே இறங்கி மண்ணைத் தொடுவதே ஒரு மருந்துதான். ஆனால் அதே வளவுகளை ஓகஸ்ட் மாதத்திற் போய்ப் பார்த்தால் நிலைமை வேறாக இருக்கும். புற்றரை வைக்கோல் நிறமாகியிருக்கும். ஆசையோடு வாங்கி நட்ட கன்று பாதி பட்டுப்போயிருக்கும். தண்ணீர்க் கட்டணம் ஏறியிருக்கும். வீட்டுப் பெரியவர் நாரி நோவோடு கதிரையில் இருப்பார்.

வீட்டுத்தோட்டத்துக்கும் நலவாழ்வுப் பக்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று சில வாசகர்கள் கேட்கக்கூடும். நிறையவே உண்டு. வளவின் சரிவு பிழைத்தால் பேஸ்மன்றில் ஈரம் ஏறிப் பூஞ்சணம் பிடிக்கிறது. அது பிள்ளையின் ஆஸ்துமாவைக் கிளப்பிவிடுகிறது. நீர் தேங்கினால் நுளம்பு பெருகுகிறது. மண் நஞ்சானால் கீரையும் நஞ்சாகிறது. நடைபாதை பிழைத்தால் அம்மா விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொள்கிறார்.

நிலைத்து நிற்கும் தோட்டம் என்று எதனைச் சொல்கிறோம்? தண்ணீர், பசளை, பணம், உழைப்பு ஆகியவற்றைக் குறைவாகக் கேட்டு, நிலத்தையும் ஏரியையும் கெடுக்காமல், வீட்டாரின் உடலுக்கும் தீங்கு செய்யாமல் ஆண்டாண்டாக நிற்பதைத்தான். இதற்குக் குறுக்கே நிற்கும் தவறுகள் பலவற்றுக்கும் வேர் ஒன்றே. கடைப் புத்தகத்தில் வந்த படத்தையோ, ஊரிலே விட்டுவந்த வளவின் நினைவையோ பார்த்துத் திட்டமிடுகிறோம். காலடியில் கிடக்கும் இந்த நிலத்தைப் பார்ப்பதில்லை. ரொறன்ரோ பெரும்பாகத்து வீடுகளை மனதிற்கொண்டு அத்தகைய ஒன்பது தவறுகளை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

1. நிலத்தைப் பாராமல் கடைக்குப் போவது

புதுவீட்டுக்குக் குடிபோனவர்கள் முதல் ஆண்டில் பெரிய வேலை எதையும் தொடங்காமலிருப்பது நல்லது. காலை, மதியம், மாலை என வெயில் எங்கெங்கே விழுகிறது, மழைக்குப் பின் நீர் எங்கே நிற்கிறது, குளிர்காற்று எப்பக்கமிருந்து அடிக்கிறது என்று ஒரு தாளில் வரைந்து வையுங்கள். காய்கறிக்கு நாளொன்றுக்கு 6 முதல் 8 மணி நேர நேர்வெயில் வேண்டும். அது கிடைக்காத மூலையிற் கத்தரி நட்டுவிட்டுப் பசளையைக் கூட்டிப் பயனில்லை.

இப்பகுதியிற் பல இடங்களிற் களிமண்தான். புதிதாகக் கட்டப்பட்ட குடியிருப்புகளில் மேல்மண்ணை வழித்தெடுத்துவிட்டு, கனரக வாகனங்கள் ஓடி இறுகிய மண்ணின்மேல் மெல்லியதாகப் புல் விரித்திருப்பார்கள். ஓர் அடி ஆழத்துக்குக் குழி வெட்டி நீர் நிரப்பிப் பாருங்கள். ஒரு நாள் கழிந்தும் நீர் வற்றவில்லையென்றால், அவ்விடத்தில் எதை நட்டாலும் வேர் அழுகும்.

அக்கம்பக்கத்தில் கறுப்பு வால்நட் மரம் நிற்கிறதா என்றும் பாருங்கள். அதன் வேரிலிருந்து கசியும் ஒரு பொருள் தக்காளி, கத்தரி போன்றவற்றை வாடவைத்துவிடும். வெட்டுவதற்கு முன்னர் ‘ஒன்ராறியோ வன் கோல்’ நிறுவனத்துக்கு 1-800-400-2255 என்ற இலக்கத்தில் அறிவிப்பது சட்டப்படி அவசியம். நிலத்தடியிற் போகும் எரிவாயுக் குழாயையும் மின்கம்பியையும் இலவசமாக அடையாளமிட்டுத் தருவார்கள். குறைந்தது ஐந்து வேலை நாட்களுக்கு முன்னரே அறிவிக்க வேண்டும்.

2. மழைநீரின் வழியை மறப்பது

2013 ஜூலை 8ஆம் திகதி பியர்சன் விமான நிலையத்தில் 126 மில்லிமீற்றர் மழை கொட்டியது. 2024 ஜூலை 16ஆம் திகதியும் அங்கே ஏறத்தாழ 98 மில்லிமீற்றர் பெய்தது. இரண்டு தடவையும் பேஸ்மன்றுகள் பல நீரில் மூழ்கின. நம்மவர் வீடுகளிற் பேஸ்மன்றில்தான் பெற்றோரோ வாடகைக்காரரோ இருக்கிறார்கள் என்பதை மறக்கக்கூடாது.

வீட்டுச் சுவரிலிருந்து முதல் இரண்டு மீற்றர் தூரத்துக்குள் நிலம் சுமார் 10 சென்ரிமீற்றராவது வெளிநோக்கிச் சரிந்திருக்க வேண்டும். சுவரோடு சேர்த்துப் பூம்பாத்தி உயர்த்துவதால் இந்தச் சரிவு பெரும்பாலும் தலைகீழாகிவிடுகிறது. பாத்தி அழகாக இருக்கும். நீர் உள்ளே இறங்கும். கூரைப்பீலிக் குழாயை நேரே வடிகாலுக்குள் விடுவதை ரொறன்ரோ மாநகரம் படிப்படியாகத் தடைசெய்து, 2016 டிசம்பரிலிருந்து நகர் முழுவதற்கும் அந்த விதியை விரிவாக்கியது. எனவே குழாயின் வாயைச் சுவரிலிருந்து இரண்டு மீற்றராவது தள்ளி, உங்கள் நிலத்திலேயே நீர் சுவறும்படி விடுங்கள்.

அதற்கு ஏற்ற வழி மழைத்தோட்டம். வீட்டிலிருந்து குறைந்தது 3 மீற்றர் தள்ளி, அயலவர் வளவுக்குள் நீர் பாயாத இடத்தில், ஆழங்குறைந்த பள்ளமொன்று அமைத்து, ஈரத்தையும் காய்ச்சலையும் தாங்கும் செடிகளை நடுவதுதான் அது. நீர் இரண்டு நாளுக்குள் வற்றிவிட வேண்டும். வீட்டுக்குள் ஈரம் ஏறிவிட்டால் 48 மணி நேரத்துக்குள் உலர்த்திவிடுங்கள். அதற்குப் பிந்தினால் பூஞ்சணம் வேர்கொள்ளும்.

3. நிலம் முழுவதையும் கல்லால் மூடுவது

‘பராமரிப்பு வேண்டாம்’ என்று எண்ணிப் பின்வளவு முழுவதற்கும் கல் பதிப்பவர்கள் நம்மிடையே பலர். பதித்த கல் பகல் முழுவதும் வெயிலைக் குடித்து இரவில் வெப்பத்தைக் கக்கும். வெப்ப அலை நாட்களில் வீட்டிலிருக்கும் முதியோரும் குழந்தைகளுமே முதலிற் பாதிக்கப்படுகிறார்கள். மழைநீரும் நிலத்துக்குள் இறங்க வழியின்றித் தெருவுக்கோ பேஸ்மன்றுக்கோ ஓடும். கல்லின் இடுக்கிற் களை முளைப்பதும் நிற்காது.

இருந்து கதைக்கவும் உணவு சுடவும் வேண்டிய அளவுக்கு மட்டும் கல் பதியுங்கள். மீதி இடத்தில் ஒரு மரம் வையுங்கள். தெற்கு அல்லது மேற்குப் பக்கத்தில் இலையுதிர்க்கும் மரம் நின்றால் கோடையில் நிழல் தரும். குளிர்காலத்தில் இலை கொட்டி வெயிலை உள்ளே விடும். வாங்கும்போது கன்றின் உயரத்தைப் பாராமல், வளர்ந்து முடிந்தபின் அது எட்டும் உயரத்தையும் அகலத்தையும் பார்த்து இடம் ஒதுக்குங்கள். ஏற்கெனவே நிற்கும் மரத்தை நினைத்தவுடன் தறித்துவிடவும் முடியாது. ரொறன்ரோவில் 30 சென்ரிமீற்றரோ அதற்கு மேலோ விட்டமுள்ள மரத்தை, அது உங்கள் சொந்த வளவில் நின்றாலும், அனுமதியின்றி வெட்டக்கூடாது. ஏனைய நகரங்களின் விதியை அந்தந்த நகரசபையிற் கேட்டறியவும்.

4. நீரைத் தேங்கவிடுவது

மழைநீரைப் பீப்பாயிற் சேகரிப்பது நல்ல பழக்கம். ஆனால் மூடாத பீப்பாய் நுளம்புப் பண்ணையாகிவிடும். வெஸ்ற் நைல் வைரஸ் ஒன்ராறியோவில் 2001இற் பறவைகளிலும் 2002இல் மனிதரிலும் கண்டறியப்பட்டது. அன்றிலிருந்து கோடைதோறும் அதுபற்றிய எச்சரிக்கை தொடர்கிறது. முதியோருக்கு அது மூளைக்காய்ச்சலாக மாறும் ஆபத்து அதிகம்.

கோடை வெப்பத்தில் நுளம்பின் முட்டை ஒரு வாரம் பத்து நாளில் நுளம்பாகிவிடும். ஆகவே வாரம் ஒரு தடவையாவது பூச்சாடித் தட்டு, பிள்ளைகளின் விளையாட்டு வாளி, பழைய ரயர், மூடுதுணியின் மடிப்பு ஆகியவற்றில் நிற்கும் நீரைக் கொட்டிவிடுங்கள். பீப்பாயின் வாயை நெருக்கமான வலையால் மூடுங்கள். கூரையிலிருந்து வடியும் நீரைக் கீரையின் இலைமேல் ஊற்றாமல், பூச்செடிகளுக்கும் மரங்களுக்கும் பயன்படுத்துவது பாதுகாப்பானது.

5. புற்றரையே தோட்டம் என்று எண்ணுவது

புல்லை ஒட்ட வெட்டி, அடிக்கடி நீரூற்றி, அளவுக்கு மீறிப் பசளையிட்டு வளர்ப்பது பழைய பழக்கம். ஒட்ட வெட்டிய புல்லின் வேர் மேலோட்டமாகவே நிற்கும். ஒரு கிழமை மழை பொய்த்தாற் காயும். 6 முதல் 8 சென்ரிமீற்றர் உயரத்தில் விட்டால் நிலத்துக்கு நிழல் விழும், களையும் குறையும். வெட்டிய புல்லை அப்படியே விட்டுவிடுங்கள், அதுவே பசளை. புல்லோடு வெள்ளைக் குளோவர் விதையைக் கலந்து விதைத்தால் அது காற்றிலுள்ள நைதரசனை மண்ணுக்குத் தரும்.

அழகுக்காகப் புற்றரைக்கும் பூந்தோட்டத்துக்கும் களைக்கொல்லி, பூச்சிகொல்லி அடிப்பதை ஒன்ராறியோ மாகாணம் 2009 ஏப்ரல் 22ஆம் திகதியிலிருந்து தடைசெய்துள்ளது. எல்லைக்கப்பாலிருந்து போத்தலை வாங்கிவந்து இரவில் அடிப்பது சட்டமீறல் என்பது ஒருபுறமிருக்க, அடுத்தநாள் அதே புல்லில் விளையாடப்போவது நம் பிள்ளைகள்தான்.

பசளையிலும் அளவு வேண்டும். யாழ்ப்பாணத்துக் கிணற்று நீரில் நைத்திரேற்று கூடியதற்கு, தோட்டங்களுக்கு மிகையாக இட்ட இரசாயனப் பசளையும் ஒரு காரணமென்று நாம் அறிவோம். இங்கே மிஞ்சிய பசளை மழையோடு ஓடி, நாம் குடிக்கும் நீரைத் தரும் ஒன்ராறியோ ஏரியிற் பாசியைப் பெருக்குகிறது. நம் பாட்டன் பூட்டன் குழை தாழ்த்தே மண்ணை வளப்படுத்தினார்கள். இலையுதிர்காலச் சருகைப் பையிற் கட்டித் தெருவோரம் வைக்காமல் பாத்திமேற் பரப்பிவிட்டால் அதே பலன் கிடைக்கும்.

6. மண்ணைச் சோதியாமல் உணவு விளைவிப்பது

1960க்கு முன் கட்டிய வீடுகளின் வர்ணப்பூச்சில் ஈயம் கலந்திருக்கும் வாய்ப்பு மிக அதிகம். 1990க்கு முன் கட்டியவற்றின் வெளிப்பூச்சிலும் ஈயம் இருந்திருக்கலாம். சுரண்டிக் கொட்டிய பூச்சு சுவரோரத்து மண்ணிற் கலந்து அங்கேயே கிடக்கும். ஈயம் சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கிறது. பழைய வீடென்றால் மண்ணை ஆய்வுகூடத்திற் சோதித்துப் பாருங்கள். இல்லையேல் சுவரிலிருந்து விலகி, உயர்த்திய பெட்டிப் பாத்தியிற் புதுமண் நிரப்பிக் கீரையும் கிழங்கும் பயிரிடுங்கள். கீரையை மண் போகக் கழுவுவதும், வேலை முடிந்ததும் கைகழுவுவதும் எப்போதும் அவசியம்.

பெட்டி செய்யப் பழைய பலகையைத் தேடும்போது அவதானம் தேவை. 2003ஆம் ஆண்டின் இறுதிவரை வீட்டு வேலைகளுக்கு விற்கப்பட்ட பச்சைநிறப் பதப்படுத்திய பலகைகளில் ஆர்செனிக் உண்டு. ரயில் பாதையிலிருந்து கழற்றிய கட்டைகளில் கிரியோசோட் எண்ணெய் உண்டு. இரண்டும் உணவுப் பாத்திக்கு ஆகா. சீடார் பலகை பதப்படுத்தாமலே பல ஆண்டு தாங்கும்.

7. அழகை மட்டும் பார்த்துச் செடி வாங்குவது

நம்மூர் அரளியைச் சாடியில் வளர்ப்பவர்கள் இங்கும் உண்டு. அரளி நஞ்சென்பது நமக்குத் தெரியும். இங்கே வேலியாக நிற்கும் யூ செடியும், வெண்மணி போலப் பூக்கும் லிலி ஒஃவ் த வலியும், நீண்ட மணிப்பூத் தாங்கும் ஃபொக்ஸ்குளோவும் அதுபோலவே இதயத்தைத் தாக்கும் நஞ்சுடையவை என்பது பலருக்குத் தெரியாது. யூ செடியின் சிவந்த பழம் சிறுபிள்ளையின் கண்ணுக்கு மிட்டாய் போலத் தெரியும். றூபாப் தண்டை உண்ணலாம். அதன் இலையைக் கீரையென்று கறி வைத்துவிடக்கூடாது. பிள்ளை எதையாவது கடித்துவிட்டாற் காத்திராமல் 1-844-764-7669 என்ற நஞ்சுத் தகவல் இலக்கத்தை அழையுங்கள். மூச்சுத்திணறலோ மயக்கமோ இருந்தால் 911.

இன்னொரு பக்கத்தில், இங்கிலிஷ் ஐவி, பெரிவிங்கிள் போன்ற படர்செடிகள் வேலி தாண்டிக் காட்டுக்குள் புகுந்து அங்குள்ள செடிகளை அழிக்கின்றன. அவற்றுக்குப் பதிலாக இந்நிலத்துக்குரியவற்றை நடுங்கள். சேர்வீஸ்பெரி மரம் வசந்தத்தில் வெண்பூவும் ஜூனில் உண்ணத்தக்க பழமும் தரும். மில்க்வீட் இலையை உண்டுதான் மொனார்க் வண்ணத்துப்பூச்சியின் புழு வாழ்கிறது. நம் அன்னமுன்னாவின் குடும்பத்தைச் சேர்ந்த போபோ என்ற பழமரம் தென் ஒன்ராறியோவுக்கே உரியது. காய்ப்பதற்கு வெவ்வேறு விதையிலிருந்து வந்த இரண்டு மரங்கள் அருகருகே வேண்டும். ஓகஸ்டில் மஞ்சளாகப் பூக்கும் கோல்டன்றொட்டைத் தும்மலுக்குக் காரணமென்று பிடுங்குகிறோம். அதன் மகரந்தம் கனமானது, காற்றிற் பறப்பதில்லை. அதே காலத்தில் கண்ணுக்குத் தெரியாத பச்சைப் பூவோடு நிற்கும் றாக்வீட்தான் தும்மலுக்குக் காரணம். பிடுங்க வேண்டியது அதைத்தான்.

செடியின் அட்டையில் வலய எண் இருக்கும். எண் குறையக் குறையக் குளிரைக் கூடுதலாகத் தாங்கும். ரொறன்ரோ பெரும்பாலும் 6ஆம் வலயம். வடக்கே போகப்போக 5 ஆகும். முருங்கையும் கறிவேப்பிலையும் இங்கே நிலத்துக்குரியவையல்ல. அவற்றைச் சாடியில் வைத்து, முதல் உறைபனிக்கு முன் உள்ளே எடுத்துவிடுங்கள்.

8. காட்டோரத்து உண்ணியை மறப்பது

ரூஜ் பள்ளத்தாக்கை அண்டிய கிழக்கு ஸ்காபரோ உட்பட, இப்பகுதியின் பல பசுமை வெளிகளிற் கருங்கால் உண்ணி நிலைகொண்டுவிட்டது. அது லைம் நோயைப் பரப்பக்கூடியது. அதன் இளம் உண்ணி கசகசா விதையளவே இருக்கும். உங்கள் வளவு காட்டையோ பற்றையையோ தொட்டுக்கொண்டிருந்தால், இடையில் ஒரு மீற்றர் அகலத்துக்கு மரச்சிராயையோ சரளைக்கல்லையோ பரப்புங்கள். பிள்ளைகளின் ஊஞ்சலை அந்த எல்லையிலிருந்து தள்ளி, வெயில் படும் இடத்தில் வையுங்கள். விறகை உலர்ந்த இடத்தில் அடுக்குங்கள்.

தோட்டவேலை முடிந்து வந்ததும் முழங்காலின் பின்புறம், இடுப்பு, அக்குள், தலைமுடி ஆகிய இடங்களைத் தடவிப் பாருங்கள். உண்ணி கடித்திருந்தால் நுண்ணிடுக்கியால் தோலோடு ஒட்டப் பிடித்து நேராக இழுத்தெடுங்கள். 24 மணி நேரத்துக்குள் எடுத்துவிட்டால் நோய் தொற்றும் வாய்ப்பு மிகக் குறைவு. எண்ணெய் பூசுவதும் நெருப்பால் சுடுவதும் கூடாது. 2023 ஜனவரியிலிருந்து ஒன்ராறியோவில் மருந்தாளரே தகுந்தவர்களுக்குத் தடுப்பு மருந்தை எழுதித்தர முடியும். அதைக் கடித்த உண்ணியை எடுத்து 72 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும் என்பதால் தாமதிக்க வேண்டாம். பின்னர் காய்ச்சலோ, பரவிச்செல்லும் சிவந்த தடிப்போ கண்டால் குடும்ப வைத்தியரிடம் செல்லுங்கள்.

9. உடலின் அளவை மறந்து திட்டமிடுவது

தோட்டம் தோற்பதற்கு நாம் அடிக்கடி காணும் காரணம் இதுதான். இரண்டு வேலை பார்க்கும் பெற்றோர் ஏப்ரல் உற்சாகத்தில் வளவு முழுவதையும் கொத்திப் போடுகிறார்கள். ஜூலையில் நேரமில்லை. பாரம் முழுவதும் ஊரிலிருந்து வந்த அப்பா, அம்மாவின் தலையில் விழுகிறது. அவர்களும் பிள்ளைக்குப் பாரமாயிருக்கக்கூடாது என்று உச்சிவெயிலிற் குனிந்து நிற்கிறார்கள்.

தோட்டம் முதியவருக்கு மகிழ்ச்சி தரவேண்டுமென்றால் அவருடைய உடலுக்கேற்ப அமைய வேண்டும். 60 முதல் 75 சென்ரிமீற்றர் உயரமான பெட்டிப் பாத்தியென்றால் குனியத் தேவையில்லை. இருபக்கத்திலிருந்தும் கை எட்டும்படி அகலத்தை 4 அடிக்குள் வையுங்கள். பாதை 90 சென்ரிமீற்றர் அகலத்தில், மேடுபள்ளமின்றி இருந்தால் நடைவண்டியோடும் போய்வரலாம். குழாய்க்கருகே பாத்தியும், பாத்திக்கருகே நிழலில் ஓர் இருக்கையும் இருக்கட்டும். வேலையைக் காலை பத்து மணிக்குமுன் முடித்துவிடுங்கள். நீரழிவு, இரத்த அழுத்தம் ஆகியவற்றுக்கு மருந்தெடுப்பவர்கள் வெயிலில் விரைவாகக் களைத்துப்போகலாம். பக்கத்தில் குடிநீர்ப் போத்தல் இருக்க வேண்டும். ஏற்புவலித் தடுப்பூசி பத்தாண்டுக்கு ஒருமுறை போடவேண்டியது என்பதையும் நினைவிற் கொள்க.

எங்கிருந்து தொடங்குவது?

ஒன்பதையும் ஒரே கோடையிற் திருத்த முயல்வது பத்தாவது தவறாகிவிடும். முதலாண்டில் நீரின் வழியை மட்டும் சரிசெய்யுங்கள்: சரிவு, பீலிக்குழாய், தேங்கும் இடம். இரண்டாம் ஆண்டில் ஒரு மரமும் இரண்டு பெட்டிப் பாத்தியும் போதும். மூன்றாம் ஆண்டிற் புற்றரையின் ஒரு பகுதியை இந்நிலத்துச் செடிகளுக்குக் கொடுங்கள். நட்ட மரத்தின் அடியில் மரச்சிராயை 5 முதல் 10 சென்ரிமீற்றர் ஆழத்துக்குப் பரப்பலாம். தண்டைத் தொடும்படி குவித்தால் பட்டை அழுகிவிடும். முதல் இரண்டு கோடைக்கு அதற்கு நீரூற்றுவதைத் தவறவிடாதீர்கள்.

ஊரில் ஒரு வளவை வாங்கினால் முதலிற் கிணற்றைத்தான் பார்ப்போம். எங்கே உப்பு நீர், எங்கே நன்னீர், மாரியில் வெள்ளம் எந்தப் பக்கம் வடியும் என்று அயலவரிடம் விசாரித்தபின்தான் வாழையும் தென்னையும் வைப்போம். அந்தப் பழக்கம் நம் கையில் இருக்கிறது. அதையே இந்தப் புதுநிலத்திலும் செய்வோம். இந்தக் கோடையில் மண் மூட்டை வாங்கப் போவதற்கு முன், ஒரு நல்ல மழை நாளிற் குடையோடு உங்கள் வளவைச் சுற்றி ஒருமுறை நடந்து, நீர் எங்கே போகிறது என்று பாருங்கள். பேஸ்மன்றில் படுத்துறங்கும் பெரியவருக்காகவாவது அதைச் செய்யுங்கள்.